கொழும்பில் முதுகுப்பையைக் கழுவிக் காயவைத்துக் காப்பாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்றில் இருந்த முதல் வருசம். ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்றில் என் லப்டொப் பையை வாளிக்குள் அமிழ்த்திக் கழுவினேன். சனி ஞாயிறில் காய்ந்துவிடும், திங்கள் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்பது என் கணக்கு. பல்கனியில் கொழுவியதைப் பார்த்த வீட்டுக்கார அன்ரி, "தம்பி, உது திங்கட்கிழமைக்குக் காயாது. விடிய வெயிலுக்குக் கழுவியிருக்கலாமே" என்றார். மரியாதைக்குச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சனி மூன்று மணிக்கு இடியோடு மழை. ஞாயிறும் அதே. திங்கள் காலை தொட்டுப் பார்த்தேன்; வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. முதுகில் போட்டுக்கொண்டு 101 பஸ்ஸில் ஏறி கோட்டையில் இறங்கியபோது, சேர்ட்டின் முதுகுப்பக்கம் பையின் அச்சு அப்படியே ஈரமாகப் பதிந்திருந்தது. புதன்கிழமை பை மணக்கத் தொடங்கியது. அடுத்த கிழமை தோள்பட்டியின் ஓரத்தில் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள்.

அன்றைக்குப் படித்த பாடம்தான் இந்த வழிகாட்டியின் ஒழுங்கு. பை கழுவுவதற்கு அரை மணித்தியாலம் போதும். காயவைப்பதற்கு இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளை முதலில் தேடிக்கொண்டு பிறகு தண்ணீரைத் திறக்கவேண்டும்.

பையை முதலில் அடையாளம் காணுங்கள்

புறக்கோட்டைக் கடைகளில் தொங்கும் ஸ்கூல் பாக்குகளும் ஒபிஸ் பைகளும் பெரும்பாலும் பொலியெஸ்டர். கொஞ்சம் விலை கூடிய பயணப் பைகள் நைலோன். லேபிளில் 600D, 420D என்று போட்டிருக்கும். D என்பது டெனியர்: 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுதான் அந்த எண். 600D என்றால் 9,000 மீற்றர் நூல் 600 கிராம். எண் கூடினால் நூல் தடிப்பு என்று அர்த்தம். பொலியெஸ்டரைவிட நைலோன் தேய்மானத்தைக் கூடத் தாங்கும் என்பதால் இரண்டு துணிகளை எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம்.

எண்ணைவிட முக்கியமானது உட்பக்கம். பையைத் திறந்து உள்ளே துணியைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக, ரப்பர் தடவியதுபோல இருந்தால் அது பொலியூரித்தேன் பூச்சு. மழைத்தண்ணீரைத் தடுப்பது அதுதான். வொஷிங் மெஷினுக்குள் போட்டால் முதலில் கெடுவதும் அதுதான். மெஷினின் சுழற்சி பூச்சை உரிக்கும், முதுகுப் பஞ்சை மடிக்கும், பக்கிளை உடைக்கும். உள்ளே பூச்சும் பஞ்சும் உள்ள எந்தப் பைக்கும் மெஷின் வேண்டாம். பூச்சில்லாத மெல்லிய துணிப்பை, சுருக்குக் கயிற்றுப் பை என்றால் பரவாயில்லை. தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் மெதுவான சுற்றில் விடுங்கள்.

கன்வஸ் பை பருத்தி. தண்ணீரை நன்றாகக் குடிக்கும், மெதுவாகக் காயும், சாயமும் போகலாம். தோல் பை என்றால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தாது: தோலை நனைக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் வைத்து, தோலுக்கென்று விற்கும் கிறீமை மெல்லியதாகப் பூசவேண்டும். தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார்கள். பூசினால் தோல் கறுக்கும், ஒட்டும், தூசி பிடிக்கும்.

பைக்குள் தைத்திருக்கும் சின்ன லேபிளையும் ஒருமுறை பாருங்கள். தண்ணீர்ப் பேசின் படத்துக்குக் குறுக்குக்கோடு போட்டிருந்தால் அமிழ்த்தக்கூடாது, துடைக்க மட்டும்தான்.

நாளும் நேரமும்

கொழும்பில் பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். மழை இல்லாத இரவிலும் 85ஐத் தாண்டும். பூஞ்சணம் வளர்வதற்கு ஏறக்குறைய 70 போதும். ஆகவே இந்த நகரத்தில் இரவில் எதுவும் காய்வதில்லை. பகலில் காய்ந்ததில் கொஞ்சத்தை இரவு திருப்பி நனைக்கிறது. கையில் இருப்பது காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரையான வெயில்தான்.

ஆண்டிலே நல்ல காலம் ஜனவரியும் பெப்ரவரியும். தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை இருந்தாலும், ஒகஸ்டில் மழை ஓரளவு குறையும். ஒக்டோபர், நவம்பர் இரண்டும் பை கழுவும் மாதங்கள் அல்ல. காலையில் பல் தெரியச் சிரிக்கும் வானம் பின்னேரம் இடியோடு கொட்டும். ஏப்ரலும் அப்படித்தான், ஆனால் காலை வெயில் கடுமை என்பதால் ஏழு மணிக்கே கழுவி முடித்தால் தப்பலாம்.

பிள்ளைகளின் ஸ்கூல் பாக்குக்கு இது வசதியாக அமைகிறது. வழக்கமான ஏப்ரல், ஒகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் தவணைக்கு ஒரு தரம் என்று கழுவினால் போதும். ஒகஸ்ட் விடுமுறைக்கழுவல் முழுக்கழுவலாகவும் மற்ற இரண்டும் துடைப்பாகவும் இருக்கட்டும். ஒபிஸ் பைக்கு மிஞ்சிப்போனால் ஆண்டுக்கு இரண்டு முழுக்கழுவல். அடிக்கடி கழுவுகிற பை சுத்தமாக இருக்கலாம், நீடிக்காது.

கொட்டுதல்

பையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாச் சிப்பையும் திறந்து, பழைய பேப்பருக்கு மேல் கொட்டுங்கள். என் பையிலிருந்து வந்தவை: பஸ் டிக்கெட்டுகள் ஒரு கைபிடி, உருகிப்போன இருமல் இனிப்பு ஒன்று, ஒரு ரூபாய்க் குற்றிகள், கடலைச் சரையின் கடதாசி, போன வருசத்து மருந்துத் துண்டு. பிள்ளையின் பையிலிருந்து வந்தவற்றை எழுதினால் வீட்டில் பிரச்சினை வரும்.

அடித்தையலின் மூலைகளை விரலால் வெளியே தள்ளுங்கள். பிஸ்கட் தூளும் பென்சில் சீவலும் அங்கேதான் தங்கும். கரப்பொத்தானும் எறும்பும் வருவது அந்தத் தூளுக்குத்தான். காய்ந்த பல்தூரிகையால் தையலோரம் முழுக்கத் தட்டிவிடுங்கள். தூசி போகாமல் தண்ணீர் விட்டால் அது சேறாகித் துணிக்குள் ஏறும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள், பிறகு நன்றி சொல்வீர்கள்: காய்ந்த வெறும் பையை நிறுங்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்வரும் சொந்தக்காரருக்காகச் சூட்கேஸ் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று எங்கள் ஆட்களின் வீடுகளில் பெரும்பாலும் கிடக்கும். அதில் பையைக் கொழுவி, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். என்னுடையது 0.9 கிலோ. எதற்கு என்று காயவைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

கறைகளை முதலில்

முழுப்பையையும் நனைக்கும் முன்பு கறைகளைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் சவர்க்காரம் மருந்தல்ல.

சோற்றுப் பார்சல் ஒழுகிய கறை கொழும்புப் பைகளின் தேசியக் கறை. பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சேர்ந்து எண்ணெயாகவும் மஞ்சளாகவும் இறங்கியிருக்கும். அதில் இரண்டு கறை இருக்கிறது, இரண்டுக்கும் வேறு வைத்தியம். முதலில் எண்ணெய். கறைக்கு மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தடிப்பாகக் கொட்டி ஒரு மணித்தியாலம் விட்டுத் தட்டுங்கள். மிச்சத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரலால் தேய்த்து ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் கறை செக்கச்சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற அதே வித்தைதான் இது: மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் காரத்தில் சிவக்கும். தண்ணீரில் அலசினால் திரும்ப மஞ்சளுக்கு வரும். அந்த மஞ்சள் தண்ணீரில் கரையாது, தேய்த்துப் பயனில்லை. அதற்கு எதிரி வெயில். கறையுள்ள பக்கத்தை ஈரமாகவே இரண்டு மணித்தியாலம் நேர்வெயிலில் காட்டினால் கண் முன்னே மங்கும். இரண்டு நாளில் பெரும்பாலும் போய்விடும். பையை நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்று கீழே சொல்லப்போகிறேன். மஞ்சள் கறை அதற்கு விதிவிலக்கு.

போல்பொயின்ட் பேனா மைக்கு சத்திரசிகிச்சை ஸ்பிரிட். பஞ்சில் நனைத்து வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள், தேய்த்தால் பரவும். பையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா பாருங்கள். உட்பூச்சில் ஸ்பிரிட் படவிடாதீர்கள்.

தோள்பட்டியில் வரும் வெள்ளைக்கோடு வியர்வை உப்பு. வெறும் தண்ணீரே போதும். காலி வீதியின் கடற்பக்கம் இருப்பவர்களுக்குச் சிப்பிலும் வெள்ளை வரும், அது வேறு கதை.

பூஞ்சணம் பிடித்திருந்தால் வீட்டுக்குள் தட்டவேண்டாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியே கொண்டுபோய், காய்ந்த தூரிகையால் துகள்களை நீக்குங்கள். வெள்ளை வினாகிரியில் அதேயளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிகளுக்கு மேல் ஒற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். வாசம் போகும், வளர்ச்சி நிற்கும். கறுப்புத் தடம் சில துணிகளில் நிரந்தரம். அதை அழிக்கிறேன் என்று குளோரின் பிளீச்சை எடுக்காதீர்கள். நைலோன் நூலை அது பலவீனமாக்கும், வண்ணத்தையும் தின்னும். பிளீச்சும் வினாகிரியும் ஒரே வாளிக்குள் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அனெக்ஸ் குளியலறை போன்ற ஜன்னலில்லாத இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

கழுவுதல்

முதலில் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. அங்கே சவர்க்காரம் நுரைக்காது, கையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையினது, மென்மையானது. ஊரில் பழகிய கையோடு இங்கே சவர்க்காரத்தைக் கொட்டினால் நுரையை அலசி முடியாது. பைக்குள் தங்கும் சவர்க்காரம் காய்ந்ததும் பிசுபிசுக்கும், அழுக்கை இழுக்கும், வியர்க்கிற முதுகைக் கடிக்கும். நான் அம்மாவின் அளவில் போட்டு ஆறு முறை அலசியிருக்கிறேன்.

பெரிய வாளி அல்லது பிள்ளை குளிக்கும் பேசினில் பை மூழ்குமளவு தண்ணீர். கை வைத்தால் சூடு தெரியாத தண்ணீர். சுடுதண்ணீர் பூச்சுக்கும் பசைக்கும் ஆகாது. 10 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவச் சவர்க்காரம் அல்லது பிள்ளைகளின் ஷாம்பு. பார் சவர்க்காரம்தான் இருக்கிறதென்றால் துணியில் தேய்த்து நுரையை மட்டும் எடுங்கள், பையில் நேரே தேய்க்காதீர்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் கூடாது: அது நூலின் மேல் ஒரு படலமாகத் தங்கும், துணியின் நீர்விலக்கும் தன்மையைக் கெடுக்கும்.

கழற்றக்கூடிய எதையும் கழற்றுங்கள். அடியில் வைத்த மட்டை, முதுகுக்குள் செருகியுள்ள பிளாஸ்டிக் தகடு, இடுப்புப்பட்டி. அடிமட்டை சில பைகளில் பிளாஸ்டிக் போலத் தெரிந்தாலும் உறைக்குள் வெறும் கார்ட்போட். நனைந்தால் அப்பளம்தான்.

அழுக்கான பை ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறட்டும். இரவு முழுக்க ஊறவைப்பது உடுப்புக்கே சரியில்லாத பழக்கம், பைக்கு இன்னும் மோசம். பிறகு மென்மையான தூரிகையால் இந்த ஒழுங்கில்: அடிப்பக்கம், தோள்பட்டிகளின் உட்பக்கம், கைபிடி, முதுகுவலை, கடைசியாக முன்பக்கம். பஸ் தரையில் வைத்த அழுக்கு அடியில், வியர்வை பட்டியில். முன்பக்கத்தில் பெரும்பாலும் புகைத்தூசி மட்டுமே. உட்பக்கப் பூச்சைத் தூரிகையால் தொடாதீர்கள், பஞ்சால் துடைத்தால் போதும்.

அலசல் குறைந்தது மூன்று முறை. பஞ்சுள்ள இடங்களை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். வருகிற தண்ணீரில் நுரை இல்லாதவரை தொடரவேண்டும். முறுக்கிப் பிழியவேண்டாம். உடுப்பு பிழிந்து பழகிய கைக்கு இது கஷ்டம், ஆனால் முறுக்கினால் உள்ளே பஞ்சு கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு தோளில் ஒரு பக்கம் பள்ளமாக உறுத்தும்.

கழுவிய வாளியை உடனே கவிழ்த்து வையுங்கள். பல்கனியில் தண்ணீரோடு கிடக்கும் வாளி நுளம்புக்குத் தொட்டில். டெங்கு சோதனைக்கு வரும் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அதை எப்படிப் பார்ப்பார் என்று கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

காயவைத்தல்

பையின் துணி ஒரு காலைக்குள் காய்ந்துவிடும். காயாதது பஞ்சு: முதுகுப் பக்கம், தோள்பட்டி, லப்டொப் அறை. பஞ்சின் இரண்டு பக்கமும் துணி. அந்தத் துணி காய்ந்து உங்களை ஏமாற்றும், உள்ளே இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். முதல் பையில் நான் ஏமாந்தது இங்கேதான்.

முதல் கட்டம் துவாய். பழைய தடித்த துவாயை விரித்து அதன்மேல் பையை முதுகுப்பக்கம் கீழாகக் கிடத்துங்கள். மேலே இன்னொரு துவாய். முழங்கையாலும் உள்ளங்கையாலும் உங்கள் பாரம் முழுக்க வைத்து அழுத்துங்கள். தோள்பட்டிகளைத் துவாயில் சுற்றி இரண்டு கைக்குள் வைத்து நசுக்குங்கள். துவாய் நனைந்தால் மாற்றுங்கள். இந்தப் பத்து நிமிடம் ஒரு நாள் வெயிலுக்குச் சமன்.

இரண்டாவது, தலைகீழாகக் கொழுவுதல். எல்லா சிப்பையும் வாய் பிளந்தபடி திறந்து, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி உடுப்புக் கொடியில் கிளிப்புகளால் பிடியுங்கள். பக்கத்துத் தண்ணீர்ப்போத்தல் பைகளை உள்ளே வெளியாகத் திருப்பி விடுங்கள். அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே பழைய ஞாயிறு வீரகேசரியைக் கசக்கி வைக்கலாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பேப்பரே ஈரத்தைப் பிடித்துவைக்கும். உட்துணி வெளிர் நிறம் என்றால் மை ஒட்டும், அதற்குப் பழைய துணி வைத்துவிடுங்கள்.

வெயிலா நிழலா? காற்றோடிய நிழல். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் நைலோனையும் பொலியெஸ்டரையும் மெல்ல அரிக்கும், வண்ணத்தை வெளிறச் செய்யும், பூச்சை வெடிக்க வைக்கும். ஆனால் நான் கண்ட நடைமுறை: காலை எட்டிலிருந்து பத்து வரை மெல்லிய வெயிலில் முதுகுப்பக்கத்தை மட்டும் காட்டுவேன். ஆண்டுக்கு இரண்டு தரம் இரண்டு மணித்தியால வெயிலால் பை செத்துப்போகாது, ஈரத்தால் சாகும். பத்துக்குப் பிறகு நிழல்.

பல்கனியே இல்லாத அறையில் இருப்பவர்கள் கொழும்பில் ஏராளம். அவர்களுக்கு மின்விசிறி. கதிரையின் முதுகில் பையைத் தலைகீழாக மாட்டி, ஸ்டாண்ட் ஃபேனை திறந்த வாய்க்கு நேரே, ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். காற்று பைக்குள் போய் வெளியே வரவேண்டும். அறையின் ஜன்னல் பகலில் திறந்திருக்கட்டும், மழை வந்தால் மூடுங்கள். ஏசி உள்ள அறை என்றால் அதன் டிரை மோட் காற்றின் ஈரத்தை இழுத்து வெளியே விடும். இரண்டு இரவில் பஞ்சு காயும். முடி காயவைக்கும் டிரையரைச் சூட்டில் பிடிக்காதீர்கள், பஞ்சை ஒட்டியிருக்கும் பசை இளகும்.

மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த பல்கனி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நான் நினைத்ததுண்டு. காற்று பிய்த்துக்கொண்டு போகும், சீக்கிரம் காயும். ஆனால் அந்தக் காற்றில் உப்பும் இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுக்கும். அங்கே மூன்று நாள் தொங்கிய பை தொட்டால் எப்போதும் கொஞ்சம் நசநசவென்றிருக்கும். பகலில் கொழுவி, பின்னேரம் உள்ளே எடுங்கள்.

இப்போது தராசு. காய்ந்துவிட்டது என்று தோன்றும்போது பையைத் திரும்பக் கொக்கியில் கொழுவுங்கள். கழுவி முடித்ததும் என் பை 1.7 கிலோ. துவாயால் அழுத்திய பிறகு 1.3. முதல் நாள் பின்னேரம் தொட்டால் காய்ந்த பை, தராசில் 1.05. அந்த 150 கிராம் முழுக்கப் பஞ்சுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர். ஒரு தேநீர்க் கோப்பை அளவு. இரண்டாம் நாள் மதியம்தான் 0.9க்கு வந்தது. பழைய நிறைக்கு வந்தாலொழிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள், லப்டொப் வைக்கவே வைக்காதீர்கள். தராசு இல்லாவிட்டால் மடித்த டிசுவை முதுகுப் பஞ்சில் வைத்து ஒரு நிமிடம் முழங்காலால் அழுத்திப் பாருங்கள். டிசு குளிர்ந்தால் இன்னும் ஒரு நாள்.

சிப்

பை கெடுவது பெரும்பாலும் துணியால் அல்ல, சிப்பால்தான். சிப்பை உற்றுப் பார்த்தால் இரண்டு பாகம் தெரியும். பல்வரிசை, இன்றைய பைகளில் சுருள் பிளாஸ்டிக். அதில் ஓடும் ஓடி, உலோகம். பல் தேய்வது அபூர்வம், தேய்வது ஓடி. கடற்காற்றில் அதன் மேல் திருநீறு பூசியதுபோல வெள்ளைப் பொடி வந்திருந்தால் அது துத்தநாகக் கலப்புலோகம் அரிபட்ட தடம். வெதுவெதுப்பான தண்ணீரில் பல்தூரிகையை நனைத்துத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மெழுகுதிரித் துண்டால் பல்வரிசையின் இரு பக்கமும் ஒருமுறை உரசி, ஓடியைப் பத்துத் தரம் முன்னும் பின்னும் இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள். தேங்காயெண்ணெய் விட்ட சிப் ஒரு கிழமை பட்டுப்போல ஓடும், இரண்டாம் கிழமை தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கும்.

ஓடி கடந்து போன பிறகும் பின்னால் பல் பிரிந்துகொண்டே வந்தால் ஓடியின் வாய் அகன்றுவிட்டது. பிளையரால் ஓடியின் பின்பக்கத்தை, முதலில் ஒரு ஓரம், பிறகு மற்ற ஓரம், சிட்டிகையளவு நசுக்குங்கள். இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னுமொரு சிட்டிகை. ஒரேயடியாக நசுக்கினால் அந்த உலோகம் வளையாது, வெடிக்கும்.

வெடித்துவிட்டால் ஓடியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீற்றரில் சொல்லும் எண் அது. YKK (வைகேகே) என்ற எழுத்து இருந்தால் 1934இல் டோக்கியோவில் யொஷிடா தடாவோ தொடங்கிய கம்பனியினது. புறக்கோட்டைப் பக்கம் நடைபாதையில் இருந்து பை தைக்கிறவர்களிடம் பழைய ஓடியை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் போனவர் அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "முழுச் சிப்பும் மாத்தத் தேவையில்லை தம்பி, தலை மட்டும் போதும்" என்று ஒரு டப்பாவைக் கிளறி அதே எண் ஓடியை எடுத்துப் பத்து நிமிடத்தில் மாட்டித் தந்தார். அப்போதே தோள்பட்டி பையோடு சேரும் இடத்தின் தையலையும் காட்டிவிடுங்கள். மூன்று நூல் விட்டிருக்கும்போது தைத்தால் சின்ன வேலை. பட்டி கையோடு வந்த பிறகு தைத்தால் துணியும் கிழிந்திருக்கும்.

நாடாவின் நுனி பிரிந்து தும்பாக வந்தால் லைட்டர் நெருப்பை அருகில் காட்டி உருக்கலாம். நைலோன், பொலியெஸ்டர் நாடாவுக்கு மட்டும். பருத்தி நாடா உருகாது, எரியும்.

உள்ளே ஒட்டும் பை

மூன்று நான்கு வருசம் அலுமாரியில் கிடந்த பயணப் பையைத் திறந்தால் உள்ளே பிசின்போல ஒட்டுகிறது, புளித்த வாந்தி வாசம் வருகிறது, கையில் வெள்ளைச் செதில் உதிர்கிறது. பாவிக்காத பை ஏன் இப்படி என்று பலர் கேட்கிறார்கள். பாவிக்காததும் ஒரு காரணம். காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து பொலியூரித்தேனின் கட்டமைப்பையே பிரித்துவிடும். மூடிய, காற்றோட்டமில்லாத இடத்தில் அது இன்னும் வேகம். கழுவி இதைத் திருத்த முடியாது.

பை மற்றபடி திடமாக இருந்தால் பூச்சை முழுக்க எடுத்துவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பச்சோடாவும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் தேய்த்தால் உரிந்து வரும். சலிப்பான வேலை, இரண்டு மூன்று தரம் செய்யவேண்டும். அதன்பிறகு அது மழை தாங்காத, ஆனால் மணக்காத பை. உள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை உறைபோலப் போட்டு அதற்குள் சாமான் வைத்தால் எந்த மழைக்கும் போதும். சொல்லப்போனால், புதுப்பைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். விலை கூடிய மழையுறை பஸ் நெரிசலில் கழன்று எங்கோ போய்விடும்.

நாளாந்தம்

வேலையால் வந்ததும் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை மூன்றும் பையை விட்டு வெளியே வரவேண்டும். ஈரக்குடையைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துவிட்டு மறந்துபோவதுதான் மழைக்காலத்தில் பைகள் மணப்பதற்கு முதற்காரணம். பிள்ளையின் விளையாட்டுடுப்பும் அப்படியே. வெள்ளி பின்னேரம் பைக்குள் போனது திங்கள் காலைதான் நினைவுக்கு வரும்.

பையைத் தரையில் வைக்காமல் சுவரில் ஒரு ஆணி அடித்து, பிரதான சிப்பைத் திறந்தபடி கொழுவுங்கள். மழையில் நனைந்து வந்தால் முதலில் காய்ந்த துணியால் துடைத்து, ஃபேனுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம். கிழமைக்கு ஒருமுறை தோள்பட்டியையும் கைபிடியையும் ஈரத்துணியால் துடைத்தால், ஆண்டுக்கு இரண்டு முழுக்கழுவல் ஒன்றாகக் குறையும். பஸ்ஸில் கொண்டக்டர் பையை முன்னுக்குப் போடச் சொல்வார். அப்படிப் போடும்போது வியர்வை பட்டியோடு பையின் முதுகுவலையிலும் இறங்கும். துடைக்கும்போது அதையும் மறக்காதீர்கள்.

நெடுநாள் பாவிக்காத பையை அலுமாரியின் அடித்தட்டில் நசுக்கி வைக்காமல், உள்ளே பழைய உடுப்பை அடைத்து உருவத்தோடு, சிப்பைக் கால்வாசி திறந்து, மேல்தட்டில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் சரைகள் நான்கைந்து சேர்த்துப் போடலாம், ஆனால் கொழும்பு ஈரத்தில் அவை சில கிழமைகளில் நிறைந்துவிடும். பூச்சியுருண்டை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, பிறகு அந்தப் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியை வைக்கவே மனம் வராது. மாதத்தில் ஒரு ஞாயிறு, வெயில் நல்லபடி எறிக்கும் காலையில், வெளியே எடுத்து உதறி இரண்டு மணித்தியாலம் காற்றில் விடுகிறேன். ஒரு பைக்குள் மற்றப் பையைப் போட்டு வைத்திருந்தால் உள்ளே இருப்பதையும் எடுங்கள், முதலில் மணப்பது அதுதான்.